பையும் கோட்டையும் – அத்தியாயம் 5: 21 ஆண்டுகள் தூங்கிய வரி

2015 ஜனவரி 8. டெக்சாஸின் தலைநகர் ஆஸ்டின். இன்னும் 12 நாளில் ஆளுநராகப் பதவியேற்கப் போகிற கிரெக் அப்பாட், ஒரு வலதுசாரிக் கொள்கை ஆய்வு மையத்தின் மாநாட்டில் மைக் பிடித்தார். (அமெரிக்க மாநிலத்தில் ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர். நம்மூர் முதலமைச்சர் நாற்காலிக்குச் சமம். ராஜ்பவன்வாசியை மனத்தில் வைத்துப் படித்தால் இந்த அத்தியாயம் குழம்பும்.)

அப்போது கச்சா எண்ணெய் விலை சரிந்துகொண்டிருந்தது. எண்ணெயில் மிதக்கிற மாநிலத்துக்கு அது பெரிய தலைவலி. ஆனால் அன்றைய பேச்சில் மறுநாள் தலைப்புச் செய்தியானது எண்ணெய் அல்ல, மளிகைக் கடை கேரி பேக். டெக்சாஸின் ஊர்கள் பைக்குத் தடை போடுகின்றன, பாறையை உடைத்து எரிவாயு எடுக்கத் தடை போடுகின்றன, சொந்த நிலத்து மரத்தை வெட்டத் தடை போடுகின்றன. ஊருக்கு ஒரு விதி என்று ஒட்டுப்போட்டுக்கொண்டே போனால் டெக்சாஸ் இன்னொரு கலிஃபோர்னியா ஆகிவிடும் என்றார் அப்பாட்.

டெக்சாஸ் மேடையில் கலிஃபோர்னியா என்பது மாநிலத்தின் பெயரல்ல, வசவு. ஏன் என்று சென்ற வார வாசகர்களுக்கு நினைவிருக்கும். 2006ல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது: கடைகள் பழைய பைகளைத் திரும்ப வாங்கி மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும், பதிலுக்கு, எந்த ஊரும் பிளாஸ்டிக் பைக்குக் கட்டணம் விதிக்கக் கூடாது. பைக்கு 17 சென்ட் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அந்த வழி அடைபட்டது. கட்டணம்தானே கூடாது, தடை கூடும் அல்லவா என்று 2007ல் பெரிய கடைகளில் பிளாஸ்டிக் பையையே ஒழித்துக்கட்டியது அந்த நகரம். ஐந்தையும் பத்தையும் மிச்சம் பிடிக்கப் போய் மொத்தச் சந்தையையே இழந்தார்கள் பை தயாரிப்பாளர்கள்.

அதிலிருந்து அவர்கள் கற்ற பாடம் எளிது. ஊருக்கு ஊர் போய் நகர சபையோடு மல்லுக்கட்டுவது வீண். மாநிலத் தலைநகரில் ஒரே ஒரு சட்டம் போட்டால் போதும். ஆனால் அதில் கட்டணம், தடை, வரி, வைப்புத்தொகை என்று ஒரு சந்து விடாமல் அடைக்க வேண்டும்.

டெக்சாஸில் அவர்களுக்கு அந்த வேலைகூட மிச்சம். பூட்டு ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. 1993ல் மாட்டியது. யாரும் அதை இழுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

●

முதலில் தடை போட்ட ஊர்களைப் பார்த்துவிடுவோம். அப்பாட்டின் பேச்சைக் கேட்டால் தாடி வைத்த ஆஸ்டின் சூழலியல்வாதிகள்தான் இதை ஆரம்பித்தார்கள் என்று தோன்றும். இல்லை.

டெக்சாஸின் முதல் பைத் தடை, மாநிலத்தின் தெற்கு முனையில், மெக்சிகோ எல்லையில் இருக்கும் பிரவுன்ஸ்வில்லில் பிறந்தது. 2009 டிசம்பரில் தீர்மானம், 2011 ஜனவரி 5 முதல் அமல். பிளாஸ்டிக் பைதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் வாடிக்கையாளர் பில்லுக்கு ஒரு டாலர் கூடுதலாகக் கட்டலாம். எத்தனை பை எடுத்தாலும் ஒரு டாலர். பணம் நகராட்சிக்குப் போகும். இந்த ஒரு டாலரை மறக்காதீர்கள், பின்னால் வரும்.

அடுத்து ஃபோர்ட் ஸ்டாக்டன். மேற்கு டெக்சாஸின் வறண்ட மாட்டுப்பண்ணைப் பகுதி. பசுமைக் கட்சிக்கு அங்கே நூறு ஓட்டு விழுந்தால் அதிசயம். காற்று வீசினால் கடைப் பைகள் பறந்துபோய் முள்வேலியிலும் மெஸ்கீட் புதர்களிலும் சிக்கிக்கொள்ளும். மெஸ்கீட்டை நமக்கு நன்றாகத் தெரியும், நம்மூர்க் கண்மாயை அடைத்திருக்கும் சீமைக் கருவேலத்தின் பங்காளி. சிக்கிய பையை மாடு தின்னும். தின்ற மாடு சாகும். மாட்டுக்காரர்களுக்கு இது துருவக் கரடி விவகாரமல்ல, வரவு செலவுக் கணக்கு. 2011ல் அந்த ஊரும் தடை போட்டது.

ஆஸ்டின் வந்தது அதற்கப்புறம். 2012 மார்ச்சில் சட்டம், 2013 மார்ச் 1 முதல் அமல். அங்கே ஒரு கோளாறும் நடந்தது, மறைக்க வேண்டியதில்லை. மெல்லிய பைக்குத்தான் தடை, தடித்த பிளாஸ்டிக் பை தரலாம் என்று விதி. மெல்லிய பை குறைந்தது. ஆனால் பலமுறை பயன்படுத்த வேண்டிய அந்தத் தடித்த பைகளையும் மக்கள் ஒரே தடவையில் தூக்கிப் போட்டார்கள். இரண்டாண்டு கழித்து நகராட்சிக்கு வந்த ஆய்வறிக்கையே இதைச் சொன்னது. எதிர்த்தரப்பு அந்த அறிக்கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

டல்லஸ் தடை வரைக்கும் போகத் துணியவில்லை. 2015 ஜனவரி 1 முதல் பைக்கு 5 சென்ட் கட்டணம். மே மாதம் பை தயாரிப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். ஜூன் மாதம் நகர சபை கூடித் தன் சட்டத்தைத் தானே ரத்து செய்துகொண்டது. ஐந்து மாதத்தில் கதை முடிந்தது.

டல்லஸ் சின்ன ஊரல்ல. அமெரிக்காவின் பத்துப் பெருநகரங்களில் ஒன்று. கைநிறைய வக்கீல்கள் வைத்திருந்த அந்த நகரம், நீதிபதி வாய் திறப்பதற்குள் சரணடைந்தது ஏன்? வழக்கு மனுவில் அப்படி என்ன இருந்தது?

●

அதற்கு டெக்சாஸ் சுகாதார மற்றும் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பைத் திறக்க வேண்டும். பிரிவு 361.0961. திடக்கழிவு பற்றிய நீண்ட சட்டத்தின் நடுவே இருக்கும் சின்னப் பிரிவு. சாரம் இது: எந்த உள்ளாட்சியும், திடக்கழிவு மேலாண்மை நோக்கத்துக்காக, ஒரு கொள்கலன் அல்லது பொதியின் விற்பனையையோ பயன்பாட்டையோ, மாநிலச் சட்டம் அனுமதிக்காத முறையில் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ கூடாது. கொஞ்சம் கீழே இன்னொரு உட்பிரிவு: கொள்கலன் அல்லது பொதியின் மீது கட்டணமோ வைப்புத்தொகையோ விதிக்கக் கூடாது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தடை பற்றிய முதல் உட்பிரிவில் 'திடக்கழிவு மேலாண்மை நோக்கத்துக்காக' என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. கட்டணம் பற்றிய உட்பிரிவில் அந்த நிபந்தனை இல்லை. கட்டணம் கூடாது என்றால் கூடாது, எதற்காக என்ற பேச்சே இல்லை. டல்லஸ் விதித்தது கட்டணம். வக்கீல்கள் படித்துப் பார்த்துக் கைவிரித்ததில் ஆச்சரியமில்லை.

இது சட்டமானது 1993ல். அப்போது டெக்சாஸில் ஓர் ஊரும் பைக்குத் தடை போட்டிருக்கவில்லை. பிறகு யாருக்காக இந்த வரி?

அந்தக் காலத்துக் குப்பைப் பீதியைத் தெரிந்துகொண்டால் காற்று எந்தப் பக்கம் வீசியது என்று புரியும். 1987 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் ஐஸ்லிப்பிலிருந்து 'மோப்ரோ 4000' என்ற தட்டைப் படகு மூவாயிரம் டன்னுக்கு மேல் குப்பையோடு கிளம்பியது. நார்த் கரோலினாவில் கொட்டப் பார்த்தார்கள், விரட்டினார்கள். லூசியானா விரட்டியது. மெக்சிகோ விரட்டியது. பெலீஸும் விரட்டியது. மாதக்கணக்கில் கடல் சுற்றிய குப்பை, தினம் தினம் டிவி செய்தியில் வந்து, கடைசியில் நியூயார்க்குக்கே திரும்பி புரூக்ளினில் எரிக்கப்பட்டது. சாம்பல் புதைக்கப்பட்ட இடம்? அதே ஐஸ்லிப்.

ஐஸ்லிப் இருக்கும் சஃபோக் மாவட்டம் 1988லேயே பிளாஸ்டிக் மளிகைப் பைக்கும் தெர்மாகோல் உணவுப் பெட்டிகளுக்கும் தடை விதித்துச் சட்டம் போட்டது. மினியாபொலிஸ், போர்ட்லண்ட் என்று வரிசையாக நகரங்கள் பொதிகளைக் குறிவைத்தன. 1990ல் மெக்டொனால்ட்ஸ் தன் தெர்மாகோல் பர்கர் பெட்டியைத் தானாகவே கைவிட்டது. பொதித் தொழிலுக்கு முதல் பயம் வந்த காலம் அது. நகர சபைகளின் கையை மாநிலங்கள் கட்டத் தொடங்கியதும் அதே காலம்தான். டெக்சாஸின் அந்த வரி இந்த அலையில் கரை ஒதுங்கியது. பிறகு குப்பைப் பீதி தணிந்தது, வரி தூங்கிப் போனது.

எவ்வளவு ஆழ்ந்த தூக்கம் என்பதற்கு ஓர் அத்தாட்சி உண்டு. 2013ல் டெக்சாஸ் சட்டமன்றத்தில் 'ஷாப்பிங் பை சுதந்திரச் சட்டம்' என்று ஒரு மசோதா வந்தது. பெயரைக் கேட்டால் பைகளே கொடி பிடித்து ஊர்வலம் போன மாதிரி இருக்கும். ஊர்கள் பைக்குத் தடை போடக் கூடாது என்பதுதான் உள்ளடக்கம். அது நிறைவேறவில்லை. 1993ன் வரி போதும் என்று எல்லோருக்கும் உறுதியாகத் தெரிந்திருந்தால் இந்த மசோதாவுக்கு என்ன அவசியம்?

2014 ஆகஸ்டில் ஒருவர் அந்த வரியைத் தட்டி எழுப்பினார். ஒரு சட்டமன்ற உறுப்பினர் கேட்ட விளக்கத்துக்கு மாநில அட்டர்னி ஜெனரல் எழுத்துமூலம் கருத்துச் சொன்னார்: திடக்கழிவு மேலாண்மைக்காகப் போட்ட தடையென்றால் சட்டவிரோதம்தான், ஆனால் ஒரு குறிப்பிட்ட ஊரின் தடை அந்த நோக்கத்துக்காகப் போட்டதா என்பது தனித்தனியே உண்மையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது.

அந்த அட்டர்னி ஜெனரல் யார் என்கிறீர்கள்? கிரெக் அப்பாட்டேதான். ஆளுநர் தேர்தலில் நின்றுகொண்டே அந்தக் கருத்தை வெளியிட்டார். பைத் தடைக்கு எதிரானவர் எழுதிய அந்தக் காகிதத்தில், தடைக்கு ஆதரவானவர்கள் நுழைய ஒரு வாசல் திறந்திருந்தது. 'நோக்கம்' என்ற வாசல். எங்கள் நோக்கம் குப்பை மேலாண்மை இல்லை என்று ஓர் ஊர் நிரூபித்துவிட்டால்?

●

லரேடோ. ரியோ கிராண்டே நதிக்கரை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவின் நுவெவோ லரேடோ. இரண்டுக்கும் நடுவே பாலங்கள். அமெரிக்க-மெக்சிகோ லாரி வணிகத்தின் பிரதான வாசல் இந்த ஊர்தான். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இரண்டேகால் லட்சத்துக்கு மேல். பழைய கடைவீதி பாலத்தடியிலேயே இருக்கிறது; மெக்சிகோவிலிருந்து நடந்து வந்து வாங்கிக்கொண்டு, நடந்தே திரும்பும் வாடிக்கையாளர்களை நம்பிய வியாபாரம். அப்படிப்பட்டவர் கையில் என்ன இருக்கும்? பை.

அதே ஊருக்குக் குடிநீர் ரியோ கிராண்டேயிலிருந்து. ஜக்காட்டே, சக்கோன் என்ற ஓடைகள் ஊருக்குள் ஓடி ஆற்றில் சேர்கின்றன. மழை பெய்தால் தெருவில் கிடக்கும் பையெல்லாம் ஓடைக்கு, ஓடையிலிருந்து ஆற்றுக்கு. உள்ளூர் ஆற்றுப் பாதுகாப்பு அமைப்பு பல காலம் விடாமல் போராடி, 2014ல் நகர சபையை ஒரு சட்டம் போட வைத்தது. 4 மில்லுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பைகளும் குறிப்பிட்ட சில காகிதப் பைகளும் கடைகளில் தரக்கூடாது. மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 4 மில் என்றால் நம் கணக்கில் சுமார் 100 மைக்ரான். மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் 2,000 டாலர் வரை அபராதம். 2015 ஏப்ரல் 30 முதல் அமல் என்று நாள் குறித்தார்கள்.

இந்தச் சட்டத்தின் முகப்பில் நோக்கம் என்று எழுதியிருந்ததைக் கவனியுங்கள்: தூக்கியெறிந்த பைகளால் வரும் குப்பையைத் தடுத்து நகரத்தை அழகுபடுத்துவது. குப்பையில்லாத நகரம் என்ற திட்டத்தின் ஒரு பகுதி. கட்டணமும் வைக்கவில்லை. டல்லஸ் மாட்டிக்கொண்ட உட்பிரிவை லரேடோ தொடவே இல்லை. 'திடக்கழிவு மேலாண்மை' என்ற சொல்லும் இல்லை. அழகுபடுத்துதல்!

சாமர்த்தியம் என்று நினைத்தார்கள். அந்த ஒரு வாக்கியம்தான் பின்னால் அவர்கள் காலை வாரியது.

சட்டம் அமலுக்கு வருவதற்கு முன்பே லரேடோ வணிகர் சங்கம் நீதிமன்றம் போனது. கையில் பிடித்திருந்த ஆயுதம், 1993ன் அந்த வரி. முதல் சுற்றில் நகராட்சிக்கு வெற்றி: தடை செல்லும் என்றது கீழ் நீதிமன்றம். சங்கம் சான் அன்டோனியோவின் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. 2016 ஆகஸ்ட் 17, தலைகீழ் தீர்ப்பு. மூன்று நீதிபதிகளில் இருவர் வணிகர் பக்கம், ஒருவர் நகராட்சி பக்கம். இனி மிச்சமிருப்பது டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் மட்டும்.

அதற்குள் பிரவுன்ஸ்வில்லின் ஒரு டாலருக்கு வேளை வந்துவிட்டது. அப்பாட்டுக்குப் பின் அட்டர்னி ஜெனரலான கென் பாக்ஸ்டன், 2016 அக்டோபரில் அந்த ஊர்மீது வழக்குத் தொடுத்தார். ஒரு டாலர் என்பது பெயர் மாற்றி வைத்த வரி, சட்டவிரோதம் என்றார். சில மாதங்களிலேயே பிரவுன்ஸ்வில் பணிந்து கட்டணத்தை நீக்கியது. டெக்சாஸில் பைக்கு எதிராகக் கிளம்பிய முதல் ஊர் களத்தை விட்டு விலகியது. இப்போது எல்லா ஊர்களும் லரேடோவைப் பார்த்துக்கொண்டிருந்தன. லரேடோ தோற்றால் ஆஸ்டின் தோற்றது, ஃபோர்ட் ஸ்டாக்டன் தோற்றது. மாட்டுக்காரர்களும்.

●

2018 ஜனவரி 11. டெக்சாஸ் உச்ச நீதிமன்றம். ஒன்பது நீதிபதி நாற்காலிகளுக்கும் தேர்தல் உண்டு. அன்றைக்கு ஒன்பது பேருமே குடியரசுக் கட்சி. பாக்ஸ்டனின் அலுவலகம் வணிகர் பக்கம் தன் வாதத்தை ஏற்கெனவே எழுத்தில் கொடுத்திருந்தது.

நகராட்சிக்கு இருந்த பலம் டெக்சாஸ் அரசியல் சாசனம். 1912லிருந்து 5,000 பேருக்கு மேற்பட்ட ஊர்கள் தங்கள் சாசனத்தைத் தாங்களே எழுதித் தங்களைத் தாங்களே ஆளலாம். மாநிலம் அனுமதித்தால்தான் செய்யலாம் என்பதல்ல. மாநிலம் தடுக்காதவரை எதையும் செய்யலாம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் 1868ல் அயோவா நீதிபதி ஜான் டில்லன் வகுத்த விதி ஒன்று உண்டு: நகரம் என்பது மாநிலத்தின் வெறும் சிருஷ்டி, கொடுத்த அதிகாரம் மட்டுமே அதற்கு. டெக்சாஸின் பெரிய ஊர்களுக்கு அந்தத் தாழ்வு கிடையாது. மாநிலம் ஓர் ஊரின் அதிகாரத்தைப் பறிக்க வேண்டுமானால், ஐயத்துக்கு இடமில்லாத தெளிவோடு சட்டத்தில் சொல்லியிருக்க வேண்டும் என்பது நீதிமன்றங்கள் வகுத்த அளவுகோல்.

ஆக, லரேடோ கேட்டது இதுதான்: 1993ன் வரியில் அந்தத் தெளிவு எங்கே? 'பை' என்ற சொல்லே அதில் இல்லையே.

பை என்பது கொள்கலனா? கல்லாவில் நீட்டும்போது அது காலிப் பை, சரக்கோடு வரும் டப்பாவைப் போன்றதல்ல என்றது நகராட்சி. திடக்கழிவு மேலாண்மையா இது? வாடிக்கையாளர் கையிலிருக்கும் பை இன்னும் கழிவே ஆகவில்லை. கழிவாகாத பொருளைத் தடுப்பது எப்படிக் கழிவு மேலாண்மையாகும்? எங்கள் நோக்கம் அழகு. கடைசியாக, 'மாநிலச் சட்டம் அனுமதிக்காத முறையில்' கூடாது என்றுதானே வரி சொல்கிறது? எங்களுக்குச் சுயாட்சி தந்ததே மாநிலச் சட்டம்தான். அது அனுமதி இல்லையா?

மூன்றாவது வாதம் அழகானது. சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு நல்ல பரீட்சைக் கேள்வி.

2018 ஜூன் 22 அன்று தீர்ப்பு. எழுதியவர் தலைமை நீதிபதி நேத்தன் ஹெக்ட், 1989லிருந்து அந்த நீதிமன்றத்தில் இருந்தவர். பைத் தடை நல்லதா கெட்டதா என்பது எங்கள் கேள்வியல்ல, சட்டம் என்ன சொல்கிறது என்பது மட்டுமே என்று தொடங்கினார். பொருள் வைத்து எடுத்துப்போகக் கொடுப்பது பை. சாதாரண அர்த்தத்தில் அது கொள்கலன். ஒன்று போயிற்று. சட்டத்திலேயே 'மேலாண்மை' என்பதற்கு வரையறை இருக்கிறது. சேகரிப்பு, போக்குவரத்து, அழிப்பு மட்டுமல்ல, கழிவு 'உருவாவதை' முறைப்படிக் கட்டுப்படுத்துவதும் அதில் சேரும். பை தராமல் தடுப்பது கழிவு உருவாவதைத் தடுப்பதுதான். நகரத்தை அழகுபடுத்துவது என்று எழுதியிருக்கிறீர்கள், சரி, எப்படி? குப்பையைத் தடுத்து என்று அதே வாக்கியத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்களே! இரண்டும் போயிற்று. சுயாட்சியே அனுமதி என்றால் எந்தப் பெரிய ஊரையும் அந்த வரி கட்டுப்படுத்தாது. அப்படி ஒன்றுக்கும் உதவாத சட்டத்தைச் சட்டமன்றம் எழுதியதாகக் கொள்ள முடியாது. மூன்றும் போயிற்று.

ஒன்பதுக்கு ஒன்பது. லரேடோவின் தடை செல்லாது.

வாசித்துப் பார்த்தால் ஹெக்ட்டின் வாதத்தில் ஓட்டை காண்பது கடினம் என்பது என் அபிப்பிராயம். சட்டத்தின் எழுத்தைப் படித்தால் அங்கேதான் போய் நிற்கும். குற்றவாளியை நீதிமன்றத்தில் தேடிப் பயனில்லை. பைத் தடை என்ற பேச்சே மாநிலத்தில் இல்லாத காலத்தில் எழுதிய ஒரு வரியை, ஆற்றங்கரை ஊரும் மாட்டுப்பண்ணை ஊரும் கதவைத் தட்டும்போதும் மறுபடி எடுத்துப் பார்க்க மனமில்லாத சட்டமன்றத்தில் தேட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அட்டர்னி ஜெனரலாக இருந்தபோது அப்பாட்டின் முழுநேர வேலை வாஷிங்டன் மீது வழக்குப் போடுவது. காலையில் அலுவலகம் போவேன், மத்திய அரசு மீது வழக்குப் போடுவேன், வீட்டுக்குப் போவேன் என்று அவரே பெருமையாகச் சொல்வார். தூரத்தில் இருக்கும் மத்திய அரசுக்கு எங்கள் ஊர் நிலவரம் என்ன தெரியும் என்பதுதான் அந்த வழக்குகளின் சாரம். அதே கேள்வியை லரேடோ ஆஸ்டினைப் பார்த்துக் கேட்டபோது பதில் வேறாகிவிட்டது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

●

தீர்ப்போடு சேர்த்து இன்னொரு கருத்துரையும் வெளியானது. நீதிபதி ஈவா குஸ்மான் எழுதியது. நீதிபதி டெப்ரா லேர்மன் அதில் கையெழுத்திட்டார். முடிவில் ஹெக்ட்டோடு முழு உடன்பாடு. ஆனால் பிளாஸ்டிக் குப்பை சுற்றுச்சூழலுக்கும் பொருளாதாரத்துக்கும் செய்யும் சேதத்தைக் கடுமையான சொற்களில் பட்டியலிட்டுவிட்டு, இதைச் சரிசெய்யும் பொறுப்பும் அதிகாரமும் சட்டமன்றத்திடம்தான் இருக்கிறது என்று எழுதினார். குடியரசுக் கட்சி நீதிபதி, அதுவும் டெக்சாஸில்.

சட்டமன்றம் அசையவில்லை. ஊர்களுக்கு அதிகாரத்தைத் திருப்பித் தர 2019ல் மசோதாக்கள் வந்தன. எதுவும் கரை சேரவில்லை. பாக்ஸ்டன் மட்டும் சுறுசுறுப்பாக இருந்தார். தீர்ப்பு வந்த சில நாட்களில் தடை வைத்திருந்த மற்ற ஊர்களுக்கு அவருடைய கடிதங்கள் பறந்தன. ஜூலையில் ஆஸ்டின் தன் தடையை அமல்படுத்துவதை நிறுத்தியது. மற்ற ஊர்களும் ஒவ்வொன்றாகக் கைவிட்டன.

இத்தனைக்கும் டெக்சாஸ் ஊர்களுக்கு மூன்று ஆண்டுகள் வழக்காடும் வாய்ப்பாவது கிடைத்தது. நீதிபதி முன் நின்று 'பை கொள்கலன் இல்லை' என்று சொல்லிப் பார்க்க முடிந்தது. இன்னொரு மாநிலத்தில் அந்த மரியாதைகூட இல்லை.

அரிசோனாவின் தென்கோடியில் பிஸ்பீ. ஒரு காலத்தில் செம்புச் சுரங்கத்தால் கொழித்து, சுரங்கம் மூடியதும் சுருங்கிப்போன மலையூர். ஐயாயிரம் பேர். 2014ல் இந்தக் குட்டி ஊர் பிளாஸ்டிக் பைக்குத் தடை போட்டு, காகிதப் பைக்கு 5 சென்ட் கட்டணமும் வைத்தது. தடை வேலையும் செய்தது, தெருக்கள் சுத்தமாயின என்றார்கள் ஊர்க்காரர்கள்.

2016ல் அரிசோனா சட்டமன்றம் புதுவகைச் சட்டம் ஒன்று செய்தது. மாநிலச் சட்டத்துக்கு முரணாக ஓர் ஊர் நடக்கிறது என்று ஒரே ஒரு சட்டமன்ற உறுப்பினர் புகார் கொடுத்தால் போதும். அட்டர்னி ஜெனரல் விசாரிப்பார். முரண் என்று அவர் முடிவு செய்தால், திருத்திக்கொள்ள ஊருக்கு 30 நாள். திருத்தாவிட்டால் மாநிலம் அந்த ஊருக்குத் தரும் வரிப் பங்கை நிறுத்திவிடலாம். ஐயாயிரம் பேர் ஊருக்கு அந்தப் பங்கு என்பது போலீஸ் சம்பளம், தீயணைப்பு வண்டி, ரோடு.

2017ல் புகார் போயே விட்டது. கொடுத்தவர் பிஸ்பீயின் உறுப்பினர்கூட இல்லை; தலைநகர் ஃபீனிக்ஸை அடுத்த கில்பர்ட்டைச் சேர்ந்தவர்.

பையா, பணமா என்று பிஸ்பீ எடுத்த முடிவு அடுத்த வாரம்.

(தொடரும்)